6,500 ரூபாய் ‘பெண்கள் பிளஸ்’ பேக்கேஜ்: எது தேறியது, எது தண்டம்

திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நாற்பது தாண்டிய பெண்களுக்கென்று முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜ் ஒன்று வைத்திருக்கிறார்கள். சாதாரணம் என்றால் 3,500 ரூபாய். மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கிற மாமோகிராம், எலும்பு ஸ்கேன், ஹார்மோன் எல்லாம் சேர்த்து ‘பிளஸ்’ என்றால் 6,500. நானும் என் மூத்த ஓரகத்தியும் பிளஸ் எடுத்துக்கொண்டோம். ஆஸ்பத்திரியின் பெயரை இங்கே போடவில்லை. தஞ்சாவூரில் என் தங்கை எடுத்ததும், கோவையில் ஒரு வாடிக்கையாளர் எடுத்ததும் கிட்டத்தட்ட இதே பட்டியல்தான்; விலைதான் முன்னே பின்னே. எந்த ஊர்க்காரரும் தன் ஊர் பேக்கேஜை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கலாம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரத்தப் பரிசோதனையில் பாதி, மாமோகிராம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைப் பார்க்கிற பாப் டெஸ்ட், லேடி டாக்டரோடு கிடைத்த கால் மணி நேரம்: இவற்றுக்குக் கொடுத்த காசு வீண் இல்லை. ஹார்மோன் டெஸ்டும் புற்றுநோய் ரத்தப் பரிசோதனையும் தண்டம். கடைசியில் ஒரு மேசையில் உட்காரவைத்துப் பேசினார்களே, அதற்கு மைனஸ் மார்க்தான் போட வேண்டும்.

நான் லால்குடியில் ரவிக்கை தைக்கிறவள். வயது 49. இந்தத் தொழிலில் பெண்களின் உடம்பு வயதுக்கு வயது எப்படி மாறுகிறது என்று டேப்பே சொல்லிவிடும். நாற்பத்தைந்து தாண்டியவர்கள் அளவு ரவிக்கையைக் கொடுத்து, “இதுல ஒரு இன்ச் விட்டுத் தைங்க” என்பார்கள். அடுத்த தீபாவளிக்கு இன்னொரு இன்ச். சாப்பாடு கூடவில்லை, வயிற்றைச் சுற்றி மட்டும் ஏறுகிறது என்று புலம்புவார்கள். அளவெடுக்கக் கையைத் தூக்கச் சொன்னால் தோளுக்கு மேல் வராது, முகத்தைச் சுளிப்பார்கள். காலமெல்லாம் பின் ஹூக் வைத்துத் தைத்தவர்கள் திடீரென்று முன் ஹூக் கேட்பார்கள், கை முதுகுக்குப் போகாததால். அப்புறம் லைனிங். “லைனிங்கே வேண்டாம், டூ பை டூ துணியிலயே தைச்சுடுங்க, வேர்த்துக் கொட்டுது” என்று மார்கழியில் சொல்வார்கள். சிலர் உள்பாவாடையைக் கறுப்பிலேயே கேட்பார்கள். ஏன் என்று நான் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

ஆக, எடை, தோள், வேர்வை, கறுப்புப் பாவாடை. இந்த நாலுக்கும் 6,500 ரூபாயில் பதில் கிடைக்கிறதா என்று பார்க்கிற எண்ணமும் எனக்கு இருந்தது.

காலை ஏழு மணிக்கே வரச் சொன்னார்கள். போன உடனே ஒரு படிவம். பெயர், வயது, சுகர் உண்டா, பிரஷர் உண்டா, கடைசி மாதவிலக்கு என்று, அலர்ஜி, முன்பு செய்த ஆபரேஷன். அவ்வளவுதான். தூக்கம் எப்படி, உதிரப்போக்கு எவ்வளவு, மாதவிலக்கு நின்ற பிறகு எப்போதாவது ரத்தம் பட்டதா, மூட்டு வலி, மனசு சரியில்லையா, எதுவும் இல்லை. எங்கள் கடையில் ஒரு சாதா ரவிக்கைக்கே இதைவிட அதிகம் கேட்போம்.

ரத்தம் எடுத்த பெண் கெட்டிக்காரி. ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது, வலியே இல்லை. வெறும் வயிற்றில் எடுத்துவிட்டு, கேன்டீனுக்கு டோக்கன் கொடுத்து, சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் மறுபடி வரச் சொன்னார்கள். டோக்கனுக்கு என்ன கொடுத்தார்கள் தெரியுமா? பொங்கல், வடை, கேசரி, டிகிரி காபி. சுகர் பார்க்க வந்தவர்களுக்குக் கேசரி! என் ஓரகத்தி, “பரீட்சைன்னா கஷ்டமாத்தான்டி வைப்பாங்க” என்று சொல்லிக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டார்.

ரத்தத்தில் எது தேறியது என்று சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பகுதிதான் விஷயமுள்ளது. எனக்கு ஹீமோகுளோபின் 9.8. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. இது ஒன்றும் அபூர்வம் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்தது. ஆனால் என் வயதில் அதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய சில வருடங்களில் கருமுட்டை வெளிவருவது ஒழுங்கு தப்புகிறது. முட்டை வராத மாதத்தில் கர்ப்பப்பையின் உள்வரி கட்டுப்பாடின்றித் தடித்து, பிறகு ஒரேயடியாக இடிந்து விழுகிறது. இரண்டு மாதம் வராது, மூன்றாவது மாதம் பத்து நாள் கொட்டும். ‘நிற்கப்போகிற நேரம், அப்படித்தான்’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு நாமும் இருந்துவிடுகிறோம். உடம்பில் இருக்கிற இரும்பெல்லாம் அந்தப் பத்து நாளில் போய்விடுகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, முடி கொட்டுவது, உட்கார்ந்த இடத்தில் கண் சொருகுவது எல்லாவற்றையும் வயது என்று நினைத்துக்கொள்கிறோம்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ரிப்போர்ட்டில் யாரும் எழுதித் தரமாட்டார்கள். எனக்கு மூன்று மாதச் சராசரி சுகர், அதாவது எச்பிஏ1சி, 6.0 என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை நோயின் வாசல்படி. பக்கத்தில் சிவப்பில் அம்புக்குறி வேறு. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பிறகு லேடி டாக்டர்தான் சொன்னார்: இரும்புச் சத்து குறைந்தவர்களுக்கு இந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். முதலில் ஹீமோகுளோபினை ஏற்றிக்கொண்டு, அப்புறம் மறுபடி பார்க்கலாம். வெறும் வயிற்று சுகரும் சாப்பிட்ட பிறகு பார்த்ததும் எனக்குச் சரியாகவே இருந்தன.

ஓரகத்திக்கு வேறு கதை. தைராய்டு எண் டி.எஸ்.எச். மிகவும் குறைந்து வந்திருந்தது. தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று அர்த்தம். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “முடிக்கு ஏதாவது மாத்திரை போடுறீங்களா?” போடுகிறார்! மகள் ஆன்லைனில் வாங்கிக் கொடுத்த பயோட்டின். அந்த பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் சில மெஷின்கள் தைராய்டு எண்ணைத் தப்பாகக் காட்டிவிடுமாம். இரண்டு நாளாவது நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும். இதை முன்கூட்டியே போனில் ஒரு வரி சொல்லியிருந்தால் இன்னொரு தரம் ஊசி குத்த வேண்டி வந்திருக்காது. உங்கள் வீட்டில் முடி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கொழுப்பு அளவு இருவருக்குமே கூடுதல். மாதவிலக்கு நிற்கிற காலத்தில் கெட்ட கொழுப்பு ஏறுவது பொதுவானது. வயிற்றைச் சுற்றிச் சேர்வதும் ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் இறங்குவதோடு வருவதுதான். ஒரு இன்ச் கதைக்கு இதுதான் பதில். மாரடைப்பு ஆம்பிளை நோய் என்கிற எண்ணத்தை இந்த வயதில் விட்டுவிட வேண்டும். பெண்களுக்கு நெஞ்சு வலி இல்லாமலே மூச்சுத் திணறல், தாடை வலி, முதுகு வலி, காரணமில்லாத அசதி என்று வரலாம். ‘கேஸ்’ என்று ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பது நம் வழக்கம்.

அடுத்தது வயிற்று ஸ்கேன். இதற்கு சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்று நாலு டம்ளர் தண்ணீர் குடிக்கவைத்தார்கள். குடித்துவிட்டு உட்கார்ந்தால் எங்களுக்கு முன்னால் ஒரு நீண்ட வரிசை. ஐம்பதை நெருங்கியவர்களையும் தாண்டியவர்களையும் நிறைந்த வயிற்றோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ‘இங்கு கருவில் இருக்கும் குழந்தையின் பாலினம் தெரிவிக்கப்படமாட்டாது’ என்ற போர்டைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வது எந்த நியாயம்? எதிரே ஒரு அம்மா தும்மல் வந்துவிடக் கூடாதே என்று மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் புரிந்தது, யாரும் சிரிக்கவில்லை. டோக்கன் நேரத்தைக் கணக்குப் பண்ணித் தண்ணீர் கொடுக்கத் தெரியாதா? இதற்குக் கண்டிப்பாக ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.

ஸ்கேனில் எனக்குக் கர்ப்பப்பையில் 3 சென்டிமீட்டரில் ஒரு சதைக்கட்டி, ஃபைப்ராய்டு. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மாமோகிராம் பற்றி நிறையப் பேருக்குப் பயம், அதனால் கொஞ்சம் விவரமாக. முதல் விஷயம், அன்றைக்குப் பவுடர் போட்டுக்கொண்டு போகாதீர்கள். டியோடரண்டும் வேண்டாம். பவுடர் துகள் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும். புற்றுநோயில் வரக்கூடிய சுண்ணாம்புப் படிவு போலவே தெரியும். அதைப் பார்த்துவிட்டு மறுபடி படம் எடுப்பார்கள், நமக்குப் பயம்தான் மிச்சம். என்னிடம் அங்கே இருந்த பெண் ஈரத்துணி கொடுத்துத் துடைத்துவரச் சொன்னார். இன்னும் மாதவிலக்கு வருகிறவர்கள், வந்து முடிந்த அடுத்த வாரத்தில் போனால் வலி குறையும். மார்பகத்தை ஒரு பலகையில் வைத்து மேலிருந்து இன்னொரு தகடு அழுத்துகிறது, சில நொடி. ஒவ்வொரு பக்கமும் இரண்டு படம், மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று. வலிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன், ஆனால் பல் பிடுங்குகிற வலிக்குப் பக்கத்தில்கூட இல்லை. எடுத்தது பெண் ஊழியர். அறைக்குள் வேறு யாரும் வரவில்லை. கழற்றிய ரவிக்கையை மாட்ட ஒரு கொக்கி, போர்த்திக்கொள்ள சுத்தமான துண்டு. இந்தப் பகுதிக்கு முழு மார்க்.

ரிப்போர்ட்டில் ‘பை-ராட்ஸ்’ என்று ஒரு எண் இருக்கும். 1 என்றால் ஒன்றுமில்லை. 2 என்றால் ஏதோ இருக்கிறது, தீங்கில்லாதது. 3 என்றால் பெரும்பாலும் தீங்கில்லை, ஆறு மாதத்தில் மறுபடி பாருங்கள். 4, 5 என்றால் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். 0 என்றால் இந்தப் படம் போதவில்லை, இன்னும் எடுக்க வேண்டும். பூஜ்யம் என்றதும் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு; அது தவறு. எனக்கு 2. இந்த விளக்கத்தை ஆஸ்பத்திரி தரவில்லை. என் மகள் நர்சிங் படித்தவள், அவளுக்குப் போனில் வாசித்துக் காட்டித் தெரிந்துகொண்டேன். ஒரு பக்கம் தமிழில் அச்சடித்து ஃபைலில் வைக்க எவ்வளவு செலவாகும்? ஃபைல் மட்டும் கல்யாணப் பத்திரிகை மாதிரி வழவழப்பு.

பாப் டெஸ்ட்டை லேடி டாக்டரே எடுத்தார். கர்ப்பப்பை வாயிலிருந்து பிரஷ்ஷால் தடவி எடுப்பது; இரண்டு நிமிட வேலை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்கிற வைரஸ், அதில் 16, 18 என்ற இரண்டு வகை மட்டுமே சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். நல்ல விஷயம் என்னவென்றால் இது வர வருடக்கணக்கில் ஆகும், அதற்கு முன்பே மாற்றங்களைப் பிடித்துவிடலாம். முப்பதிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம், பாப் என்றால் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை போதும். பேக்கேஜைப் புதுப்பிக்கச் சொல்லி ‘வருடா வருடம்’ என்று நச்சரிப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். கூச்சம் காரணமாக இதை மட்டும் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனவர்களை அங்கேயே பார்த்தேன். காசு கட்டிய பிறகும்!

எலும்பு ஸ்கேன், டெக்ஸா. படுக்கவைத்து மேலே ஒரு கை நகர்ந்து போகும், ஊசி கிடையாது, கதிர்வீச்சும் மிகக் குறைவு. டி ஸ்கோர் என்று ஒரு எண் வரும்: மைனஸ் 1-க்கு மேல் என்றால் நல்லது, மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவில் என்றால் அடர்த்தி குறைகிறது, மைனஸ் 2.5-ஓ அதற்கும் கீழோ என்றால் எலும்பு வலுவிழந்துவிட்டது. ஓரகத்திக்கு மைனஸ் 2.1. அவருக்கு வயது 56, நின்று ஐந்து வருடம் ஆகிறது. நின்ற முதல் சில வருடங்களில்தான் எலும்பு வேகமாகக் கரைகிறதாம். எனக்கு இந்த ஸ்கேன் இப்போதைக்கு அவசியமே இல்லை என்று டாக்டரே சொன்னார். அம்மாவுக்கு இடுப்பு முறிந்தது, சீக்கிரமே மாதவிலக்கு நின்றது, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டது என்று காரணம் இருந்தால் சீக்கிரம் எடுக்கலாம். இல்லாவிட்டால் அறுபத்தைந்துக்கு மேல். மெடிக்கல் ஷாப் வாசலில் குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைக்கச் சொல்லி இலவசமாகப் பார்க்கிறார்களே, அது இது இல்லை. அதில் வந்த எண்ணை வைத்துக்கொண்டு கால்சியம் டப்பா வாங்காதீர்கள். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. எள்ளும் நெத்திலியும் மோரும் இருக்கின்றன. கூடவே எடை தாங்குகிற உடற்பயிற்சி. தண்ணீர்க் குடம் தூக்குவதை நிறுத்தி மோட்டார் போட்ட பிறகுதான் நம் எலும்புக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

தண்டம் என்றேனே, அதற்கு வருகிறேன். எஃப்.எஸ்.எச். என்று ஒரு ஹார்மோன் டெஸ்ட். நிற்கிற காலம் வந்துவிட்டதா என்று பார்ப்பதற்காம். நாற்பத்தைந்து தாண்டி, மாதவிலக்கு தாறுமாறாகி, உடம்பு திகுதிகு என்று எரிந்தால் அது அதுதான், ரத்தம் எடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அந்த எண் ஒரு வாரம் ஏறும், ஒரு வாரம் இறங்கும். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால் நின்றுவிட்டது என்று கணக்கு, அவ்வளவுதான். நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது, மேல்நாடுகளில் 51. நாற்பத்தைந்துக்கு முன்பே நின்றால் அப்போதுதான் இந்த டெஸ்ட்டுக்கு வேலை.

இன்னொன்று சி.ஏ. 125 என்கிற ரத்தப் பரிசோதனை. சினைப்பைப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் என்று பட்டியலில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். ஃபைப்ராய்டு இருந்தாலும் ஏறும், மாதவிலக்கு நாளிலும் ஏறும். பிரிட்டனில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களை வைத்துப் பல வருடம் ஆராய்ந்து 2021-ல் முடிவைச் சொன்னார்கள்: எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு இதைச் செய்து பார்ப்பதால் அந்தப் புற்றுநோயில் சாகிறவர்கள் குறையவில்லை. எனக்கு 41 வந்தது. 35-க்குள் இருக்க வேண்டுமாம். அன்று ராத்திரி தூங்கவில்லை. காரணம் அந்த 3 சென்டிமீட்டர் கட்டியாகத்தான் இருக்கும் என்று பிறகு சொன்னார்கள். பேக்கேஜ் எடுத்தால் இதை மட்டும் விட்டுவிடச் சொல்லிக் கேளுங்கள். காசு குறைக்கமாட்டார்கள், தூக்கமாவது மிஞ்சும்.

சரி, லேடி டாக்டர். விளம்பரத்தாளில் ‘மகப்பேறு நிபுணர் ஆலோசனை’ என்று கடைசி வரியில் பொடி எழுத்தில் இருக்கிறது. அறுபதை நெருங்கும் அம்மா. எங்கள் இருவரையும் தனித்தனியே பார்த்தார். பேக்கேஜ் என்பது ரெடிமேட் ரவிக்கை. அதை நம் உடம்புக்குப் பிடித்துத் தைத்துக் கொடுத்தது இவர்தான். படிவத்தில் இல்லாத கேள்வி எல்லாவற்றையும் கேட்டார்.

ஓரகத்தியிடம், “நின்ன பிறகு எப்பவாவது பட்டுச்சா?” என்றார். பட்டிருக்கிறது! சில மாதம் முன்பு லேசாக. சூடு என்று வெந்தயத்தை ஊறவைத்துச் சாப்பிட்டுவிட்டு, என்னிடம்கூடச் சொல்லவில்லை. நின்று ஒரு வருடம் கழிந்த பிறகு ஒரு துளி பட்டாலும் டாக்டரிடம் போக வேண்டும். பெரும்பாலும் பிறப்புறுப்பு வறட்சியால் வருவதுதான், ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் இதுவேதான். ஸ்கேன் ரிப்போர்ட்டில் உள்வரியின் தடிமனைத் தேடிப் பார்த்தார்: 3 மில்லிமீட்டர். 4-க்குள் இருந்தால் பொதுவாகப் பயமில்லை. “மறுபடி பட்டா அன்னிக்கே வாங்க, சதை எடுத்துப் பார்த்துடலாம்” என்றார். 6,500 ரூபாயில் ஓரகத்திக்குக் கிடைத்த மிகப் பெரிய பலன் இந்தக் கேள்விதான். மெஷின் எதுவும் இதைக் கேட்காது.

என்னிடம், “இருமினா, தும்மினா நனையுதா?” என்று சாதாரணமாக, டீ குடிக்கிறீர்களா என்பது போலக் கேட்டார். நனைகிறது என்று முதல்முறையாக ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னேன். இடுப்பெலும்புக்கு அடியில் தாங்கிப் பிடிக்கிற தசை தளர்ந்துவிடுவதால் வருவது. சிறுநீரையும் வாயுவையும் அடக்குவது போல உள்ளே இழுத்துப் பிடித்து, சில நொடி வைத்து விட வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதமாவது. சிறுநீர் கழிக்கும்போது செய்து பழகக் கூடாது. 1948-ல் கீகல் என்ற அமெரிக்க டாக்டர் எழுதிவைத்த பயிற்சி. தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே செய்யலாம், யாருக்கும் தெரியாது. தண்ணீர் குடிப்பதைக் குறைத்து இதைச் சமாளிக்கிறவர்கள் நிறைய. அதனால் எரிச்சலும் மலச்சிக்கலும்தான் கூடும். கறுப்புப் பாவாடை கேட்கிறவர்களிடம் இப்போது நானே பேச்சை ஆரம்பிக்கிறேன்.

வேர்வைக்கும் பேசினார். ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது மூளையில் உடல் வெப்பத்தைப் பார்த்துக்கொள்கிற இடம் சின்ன மாற்றத்துக்கே அலறுகிறது. அதனால் திடீர் அனல், வேர்வை, அப்புறம் குளிர். ராத்திரி தூக்கம் போனால் மறுநாள் கோபம் தானாக வரும். தொந்தரவு அதிகமென்றால் ஹார்மோன் மாத்திரையோ தோலில் ஒட்டுகிற பட்டையோ உண்டு. 2002-ல் அமெரிக்காவில் வந்த ஒரு பெரிய ஆய்வுக்குப் பிறகு உலகமே அதைக் கண்டு பயந்தது. ஆனால் அதில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. அறுபதுக்குள், நின்று பத்து வருடத்துக்குள் ஆரம்பிக்கிற ஆரோக்கியமானவர்களுக்குப் பெரும்பாலும் நன்மையே அதிகம். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம் வந்தவர்களுக்குக் கூடாது. எனக்கு அந்த அளவுக்கு இல்லை, வேண்டாம் என்றேன், வற்புறுத்தவில்லை.

தோளை மட்டும் யாரும் பார்க்கவில்லை. தலை முதல் கால் வரை ஆறு மணி நேரம் வைத்திருந்தார்கள், ஒருவர்கூடக் கையைத் தூக்கச் சொல்லவில்லை. நாற்பதிலிருந்து அறுபதுக்குள் வருகிற தோள் இறுக்கம் பெண்களுக்கு அதிகம், சுகரும் தைராய்டும் இருந்தால் இன்னும் அதிகம். ஓரகத்தி கேட்ட பிறகு பிசியோதெரபிக்குச் சீட்டு எழுதினார்கள், அதற்குத் தனிக் காசு.

இப்போது அந்த மேசை. டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், ஃபைலை வாங்கிப் பார்த்த ஒரு பெண், “மேடம், கட்டி இருக்கு, ரத்தம் வேற குறைஞ்சிருக்கு, குழந்தைங்களும் பெரிசாயிட்டாங்க, யூட்ரஸை எடுத்துடலாமே? இந்த மாசத்துக்குள்ள புக் பண்ணினா பதினைந்து சதவீதம் தள்ளுபடி” என்றார். ஆடித் தள்ளுபடியில் கர்ப்பப்பை! உள்ளே இருந்த டாக்டர் சொன்னது வேறு: முதலில் இரும்பு மாத்திரை, உதிரப்போக்கைக் குறைக்க அந்த நாட்களில் ஒரு மாத்திரை, அதற்கும் அடங்காவிட்டால் ஹார்மோன் உள்ள காப்பர்-டி போன்ற ஒன்றை உள்ளே வைக்கலாம், நின்ற பிறகு ஃபைப்ராய்டு பெரும்பாலும் தானே சுருங்கும். தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பதைத் தடுக்க மத்திய அரசு 2022-ல் வழிகாட்டு நெறிகளே வெளியிட்டிருக்கிறது. மாநிலங்கள் அதைப் பின்பற்ற வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. எடுத்தே ஆக வேண்டிய நிலை சிலருக்கு வரும், அதை மறுக்கவில்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டியது டாக்டர். கூடவே சினைப்பையையும் சின்ன வயதில் எடுத்துவிட்டால் எலும்பும் இதயமும் வாங்குகிற அடி வேறு.

“எங்க டாக்டர் உள்ளேதான் இருக்காங்க, அவங்களையே கேட்டுட்டு வரட்டுமா?” என்றேன். அப்புறம் அந்தப் பெண் பேசவில்லை.

காசு இல்லை என்றால் இதெல்லாம் கிடையாதா என்று கேட்பவர்களுக்கு: ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு ஆஸ்பத்திரியிலும் முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு பிரஷர், சுகர், மார்பகப் பரிசோதனை, கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்ப்பது எல்லாம் இலவசம். பிரஷர், சுகருக்கு 2021-லிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஓரகத்திக்கு இப்போது பிரஷர் மாத்திரை அப்படித்தான் வருகிறது. மாமோகிராமும் தைராய்டும் மட்டும் வெளியே தனியாக எடுத்தால் 6,500-ல் பாதிகூட ஆகாது என்று நினைக்கிறேன். பேக்கேஜை விட அது நல்ல வழி, உங்கள் ஊரில் கேட்டுப் பேசுகிற ஒரு லேடி டாக்டர் இருந்தால்.

அப்படி ஒருவர் இல்லாதவர்கள் 3,500 ரூபாய் சாதாரணப் பேக்கேஜை எடுத்துக்கொண்டு, மாமோகிராமும் பாப் டெஸ்ட்டும் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள், செய்வார்கள். சனிக்கிழமை வேண்டாம், கூட்டம் நெரியும். போன் செய்யும்போது கேட்க வேண்டியது மூன்று: மாமோகிராம் எடுப்பது பெண்ணா, லேடி டாக்டர் அன்றைக்கு இருக்கிறாரா, ரிப்போர்ட் வந்த பிறகு பார்ப்பாரா அல்லது வருவதற்கு முன்பே பார்த்து அனுப்பிவிடுவாரா. எங்களை முதல் நாள் ரத்தம் எடுத்து, மறுநாள் ரிப்போர்ட்டோடு பார்த்தார். அதனால்தான் அந்தக் கால் மணி நேரத்துக்கு அர்த்தம் இருந்தது. இரும்பு மாத்திரையைக் காபியோடு விழுங்காதீர்கள், கால்சியம் மாத்திரையோடும் சேர்க்காதீர்கள். இரண்டுமே இரும்பை உடம்பில் ஏறவிடாது. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அதில் இரண்டு லேடி டாக்டருக்கு, அரை மாமோகிராம் பெண்ணுக்கு, அரை ஊசி குத்திய பெண்ணுக்கு.